இனாமாக வேண்டாம், வரவாக வையுங்கள்

போன மாதம் ஒரு பையன் வந்திருந்தான். கல்லல் பக்கம் ஒரு கிராமம். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த தீர்ப்பு நகல். தேவகோட்டையில் உட்கார்ந்து நான் செய்வது இந்த வேலைதான். கீழ்க்கோர்ட்டில் தமிழில் எழுதும் சாட்சியமும் தீர்ப்பும் மதுரைக் கிளைக்குப் போகும்போது ஆங்கிலத்தில் வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மொழிபெயர்த்துக் கொடுப்பேன்.

பையன் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறான். ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் முடிந்துவிட்டது. வெரிஃபிகேஷனில்தான் பழைய வழக்கு ஒன்று குறுக்கே நின்றது. மஞ்சுவிரட்டுப் பொட்டலில் நடந்த அடிதடி. புகாரில் பதினோரு பேர், இவன் ஏழாவது எதிரி. (கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்றுதான் பெயர். இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கும்.) அன்றைக்குத் தான் ஊரிலேயே இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன் என்கிறான். பார்த்த சாட்சிகள் எல்லாரும் போலீசில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லி, பிறழ்சாட்சி ஆகிவிட்டார்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தியில், சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து விடுதலை செய்வதாக நீதிபதி எழுதியிருந்தார்.

"அக்கா, இங்கிலீஷ்ல போடும்போது நான் செய்யலைன்னு வர்ற மாதிரி ஒரு வார்த்தை இருக்காமே. எக்ஸானரேட்டோ என்னவோ. அதைப் போட்டுருங்க" என்றான்.

நீதிபதி எழுதியது அக்விட்தான் தம்பி, அதைத்தான் நான் போடமுடியும் என்றேன். கொஞ்ச நேரம் தீர்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "ரெண்டும் விடுதலைதானேக்கா?"

தமிழில் பார்த்தால் அவன் கேட்டது சரிதான். ஜாமீனில் வெளியே வந்தாலும் பேப்பரில் விடுதலை. தண்டனைக் காலம் முடிந்து வந்தாலும் விடுதலை. நன்னடத்தைக்காக முன்கூட்டி விட்டாலும் விடுதலை. குற்றம் செய்யவே இல்லை என்று கோர்ட்டே சொன்னாலும் விடுதலை. விசாரணைக்கு முன்பே ஆதாரம் போதாது என்று அனுப்புவதை மட்டும் வக்கீல்கள் 'வழக்கிலிருந்து விடுவிப்பு' என்று பிரித்துச் சொல்வார்கள். பேப்பரில் அதுவும் விடுதலையாகிவிடும். சிறைக்கதவு திறந்ததா என்பதை மட்டும் பார்க்கிற சொல் இது. வெளியே வந்தவன் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்தச் சொல் பார்ப்பதில்லை.

பையனுக்கு அந்த வித்தியாசம் சோறு போடுகிற விஷயம். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளில் ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. சந்தேகத்தின் பலனிலோ, புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரை, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதவேண்டும் என்கிறது அது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. 'கௌரவமான விடுதலை', 'முழுக்கப் பழி நீங்கியவர்' என்ற சொற்களெல்லாம் நடைமுறைச் சட்டத்திலும் இல்லை, தண்டனைச் சட்டத்திலும் இல்லை, தீர்ப்புகள் வழியாக வந்து சேர்ந்தவை என்றது. அரசுத் தரப்புச் சாட்சியம் முழுவதையும் எடைபோட்டுப் பார்த்து, குற்றச்சாட்டு நிற்கவே இல்லை என்று கண்டால் கௌரவமான விடுதலை என்று சொல்லலாம் என்றும் சொன்னது. சட்டப் புத்தகத்திலேயே இல்லாத ஒரு அடைமொழி, ஒருவனுக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று முடிவு செய்கிறது.

அவன் போன பிறகு அந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அகராதி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் கொடுக்கும். வேரைத் தோண்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிலிலிருந்து வந்திருக்கிறது.

எக்ஸானரேட் என்பது சுமைக்காரன் சொல். லத்தீனில் ஓனஸ் என்றால் பாரம். எக்ஸ் என்றால் வெளியே. பாரத்தை இறக்குவது என்பதுதான் நேர்ப்பொருள். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதற்குக்கூட இந்தச் சொல்லைப் புழங்கியிருக்கிறார்கள். பர்மாத் தேக்கு கப்பலில் வந்து இறங்கி, வண்டியேறி வீடுகளுக்குத் தூணாக வந்த ஊர்ப்பக்கம் எங்களுடையது. எனக்கு இந்தச் சொல்லைப் பார்த்ததும் சுமைதாங்கிதான் கண்ணில் வந்தது. எங்கள் பக்கத்துப் பழைய சாலைகளில் இன்னும் ஒன்றிரண்டு நிற்கின்றன. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் குனியாமல், யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் சுமையைத் தள்ளி வைக்கலாம். அந்த அளவு உயரம். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்தது என்பார்கள். சுமையை இறக்கிய ஆள் கழுத்தை ஒரு தரம் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாரே, எக்ஸானரேட் என்றால் அதுதான்.

அக்விட் என்பது கணக்குப்பிள்ளையின் சொல். பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் கடனைக் கட்டித் தீர்ப்பதைக் குறித்தது, பிறகுதான் கோர்ட்டுக்குப் போனது. விட்டு விலகுவதைச் சொல்லும் க்விட்டும், அமைதியைச் சொல்லும் க்வையட்டும் இதன் பங்காளிகள். கடன் தீர்ந்தவன் நிம்மதியாகத் தூங்குவான் என்பது லத்தீன்காரனுக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா ஒன்றிய ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தார். மாதக் கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் பெரிய தாளுக்கு அக்விட்டன்ஸ் என்று பெயர். "அக்விட்டன்ஸ்ல கையெழுத்துப் போட்டாச்சா?" என்று அவர்கள் பேசிக்கொள்வது சின்ன வயசில் காதில் விழுந்திருக்கிறது. கொலைவழக்கில் ஒருவனை விடுவிக்கும் சொல்லும் அம்மா சம்பளம் வாங்கிய தாளும் ஒரே சொல் என்று அப்போது யார் சொன்னார்கள்! இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன: இனி உனக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. அந்தக் கடன் முதலில் நியாயமாக வந்ததா என்பதைப் பற்றி அக்விட் வாய் திறப்பதில்லை.

இதற்கு நேரான சொல் நம்மிடம் இல்லையென்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இருக்கிறது: பைசல். அரபியில் தீர்ப்பைக் குறிக்கும் சொல், தமிழுக்கு வந்து 'கேஸு பைசலாயிருச்சு' என்றும் ஆயிற்று, 'கடனைப் பைசல் பண்ணியாச்சு' என்றும் ஆயிற்று. அக்விட் கடனிலிருந்து கோர்ட்டுக்குப் போனது. பைசல் கோர்ட்டிலிருந்து கடனுக்கு வந்தது. நடுவழியில் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

எக்ஸ்கல்பேட் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கல்பா என்றால் குற்றம், அதை நீக்குவது. சாதகமான ஆதாரத்தைச் சொல்ல வக்கீல்கள் எடுக்கும் சொல். அப்சால்வ் கோயில் சொல். முடிச்சை அவிழ்ப்பது என்று வேர்ப்பொருள். சருகணிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்து எழுந்து வரும்போது கிடைப்பது அது. அங்கே செய்தேன் என்று ஒப்புக்கொள்வதுதான் முதல் படி. செய்யாதவனுக்கு அந்த வாசலில் வேலையில்லை.

விண்டிகேட் வேறு சாதி. லத்தீனில் உரிமை கோருவதையும் பழிவாங்குவதையும் சேர்த்துச் சொன்ன வினையிலிருந்து வந்தது. வஞ்சம் வைப்பதைச் சொல்லும் விண்டிக்டிவ் இதன் உடன்பிறப்பு. ஒருவரைப் பழியிலிருந்து மீட்பதும் பழிக்குப் பழி வாங்குவதும் எப்படி ஒரே வீட்டில் குடியிருக்கும் என்று யோசித்தபோது நம் 'பழி தீர்த்தல்' நினைவுக்கு வந்தது. தீர் என்ற ஒரே வினைதான் கடனைத் தீர்க்கிறது, பாவத்தைத் தீர்க்கிறது, தீர்ப்பாகிறது, பழியையும் தீர்க்கிறது. கோவலன் கள்வன் இல்லை என்று கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினாள். தெறித்தது மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்ததோ முத்து. அதோடு நின்றாளா? மதுரையையும் எரித்தாள். செய்ததில் எது விண்டிகேட், எது வஞ்சம் என்று பிரிக்க முடியாது. நகரத்தார் தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்ததாகச் சொல்வார்கள். அதே பட்டினத்திலிருந்து வந்த ஒரு வணிகன் கள்வன் என்ற பேரோடு செத்த கதையை அதனாலேயே இந்தப் பக்கம் கேட்கும்போது எனக்கு அது வெறும் கதையாகத் தோன்றுவதில்லை.

கடைசியாக, பார்டன். இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பிற்கால லத்தீனில் பெர்டோனாரே என்றால் முழுக்கக் கொடுத்துவிடுவது. அதற்குள் இருக்கும் டோன், நம் வாயில் புழங்கும் தானத்துக்குத் தூரத்துச் சொந்தம். பார்டன் என்பது கொடை. கொடுக்கிறவர் மேலே இருக்கிறார், வாங்குகிறவர் கீழே. 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது: மன்னிப்பு என்றால் குற்றம் இருந்ததாக அர்த்தம், அதை வாங்கிக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது. பர்டிக் என்ற பத்திரிகை ஆசிரியர் ஜனாதிபதி நீட்டிய மன்னிப்பை வேண்டாம் என்று சொன்ன வழக்கு அது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பாயிற்று.

பிரான்சின் ராணுவ அதிகாரி டிரைஃபஸ் அப்படியொரு மன்னிப்பை வாங்கிக்கொண்டார். ஜெர்மனிக்கு ராணுவ ரகசியம் விற்றார் என்று 1894-இல் தண்டிக்கப்பட்டு, டெவில்ஸ் தீவில் வருஷக்கணக்கில் தனிமையில் கிடந்து, 1899-இல் மறுபடி விசாரித்தபோதும் குற்றவாளி என்றே தீர்ப்பு. பத்தே நாளில் ஜனாதிபதி மன்னித்தார். உடம்பு போய்விட்டிருந்தது, பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருந்தார்கள், வாங்கிக்கொண்டார். ஆனால் மானம் இல்லாமல் இந்த விடுதலை எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் விடவில்லை. 1906 ஜூலை 12 அன்று அந்நாட்டின் உச்ச மன்றம் பழைய தீர்ப்பையே ரத்துசெய்தது. 1899-இல் கிடைத்தது பார்டன், 1906-இல் கிடைத்தது எக்ஸானரேட். நடுவே இருந்த அந்த ஏழு வருஷத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஐயா ஞாபகம் வரும்.

ஐயா, அப்பாவைப் பெற்றவர், காரைக்குடியில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளை. யார் கடை என்பது வேண்டாம், அந்தக் குடும்பத்தில் இப்போது இருப்பவர்கள் எனக்கு வேண்டியவர்கள். மாதச் சம்பளம் 120 ரூபாய். சாய்வுப்பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு, பக்கத்தின் தலையில் உ போட்டுச் சிவமயம் எழுதி, அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் எழுதி, ராத்திரி பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பார். விரோதிகிருது வருஷம் மார்கழியில், அதாவது 1971 கடைசியில், ஒருநாள் கையிருப்பில் 1,140 ரூபாய் இடித்தது. மூன்று நாள் கூட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். நாலாம் நாள் ஐயா பெயரில் இருந்த கணக்கில் அந்த 1,140 ரூபாயைப் பற்று எழுதினார்கள். எழுதியதும் ஐயாவேதான். முதலாளி சொல்ல, தன் கையாலேயே தன் பெயரில் எழுதினார். மாசம் முப்பது ரூபாய் சம்பளத்தில் பிடித்தார்கள்.

பதினாலு மாசம் கழித்து, பழைய ரசீதுக் கட்டைப் பிரித்தபோது ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. முதலாளியின் மைத்துனர் மதுரைக்குப் போகிற அவசரத்தில் பெட்டியிலிருந்து 1,140 ரூபாய் எடுத்திருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார். சீட்டு போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான்.

முதலாளி நல்ல மனுஷர் என்று அப்பத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கே ஐயாவைக் கூப்பிட்டு, "இனிமே பிடிக்க வேண்டாம் கணக்குப்பிள்ளை, மிச்சம் 720-ஐத் தள்ளுபடி போட்டுருங்க" என்றாராம். பிடித்த 420 ரூபாயைத் தீபாவளிக்கு வேட்டி துண்டோடு சேர்த்துத் தட்டில் வைத்து இனாமாகக் கொடுத்தாராம். கணக்குப்படி ஒரு பைசா பாக்கியில்லை.

ஐயா தட்டைத் தொடவில்லை. "இனாமா வேண்டாங்க, வரவா வையுங்க" என்றார்.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பேரேட்டில் எழுதியதை யாரும் அழிக்கக்கூடாது. தப்பாக எழுதியிருந்தால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வரி எழுதித்தான் நேராக்கவேண்டும்: 'இன்ன தேதியில் தவறுதலாகப் பற்று எழுதியதை வரவு வைத்தது.' தள்ளுபடி வேறு. வாங்கினான், கொடுக்க முடியவில்லை, போனால் போகிறது என்று விட்டுவிட்டோம் என்று அர்த்தம். இரண்டிலும் கடைசியில் பாக்கி பூஜ்யம்தான். கூட்டுத்தொகைக்கு வித்தியாசம் தெரியாது. நூறு வருஷம் கழித்து அந்தப் பக்கத்தைத் திருப்புகிறவனுக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் ஐயா பணம் எடுத்த ஆள், இன்னொரு பக்கத்தில் எடுக்காத ஆள்.

அவ்வளவு நல்ல மனுஷர் ஏன் அந்த ஒரு வரியை எழுதச் சொல்லவில்லை? சின்ன வயசில் எனக்கு அவர்மேல் கோபமாக வரும். இந்தச் சொற்களோடு உட்கார்ந்திருந்தபோதுதான் பிடிபட்டது. ஐயா பெயரில் 1,140 வரவு வைத்தால், அதே 1,140-ஐ மைத்துனர் பெயரில் பற்று எழுதவேண்டும். எழுதாமல் ஐந்தொகை, அதாவது கடையின் மொத்தக் கணக்கு, நிற்காது. இறக்கிய சுமை எங்காவது போய் உட்காரத்தான் வேண்டும். தள்ளுபடி என்றால் யார் தலையிலும் ஏற்ற வேண்டாம், கடைச் செலவில் கரைந்துவிடும். பெண்டாட்டியின் தம்பி பெயரை எழுதுவதைவிடக் கணக்குப்பிள்ளைக்குப் பெரிய மனசோடு கொடுத்துவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. மன்னிப்பு பல நேரங்களில் இப்படித்தான் நீட்டப்படுகிறது என்று நினைக்கிறேன். டிரைஃபஸை நிரபராதி என்று சொன்னால் அவரைத் தண்டித்த தளபதிகளை என்ன செய்வது? மன்னித்துவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

ஐயா அந்தக் கடையை விட்டு நின்றுவிட்டார். சண்டை போடவில்லை. "பொறுத்துக்கிட்டாக" என்பாள் அப்பத்தா. பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழியை இந்த இடத்தில்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பொறு என்ற சொல்லை உற்றுப் பாருங்கள். பொறை என்றால் பாரம், பொறுமையும்தான். பொறுப்பதென்றால் சுமப்பது. ஆங்கிலத்தில் பழி நீங்கினால் சுமை இறங்குகிறது. தமிழில் பொறுத்தருள்க என்று கேட்டால், என் பிழையை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள் என்று கேட்கிறோம். தப்புச் செய்தவனை அப்படிப் பொறுப்பது பெரிய குணம், மறுக்கவில்லை. தப்பே செய்யாதவன் அடுத்தவன் பிழையையும் தூக்கிக்கொண்டு, மேற்கொண்டு இனாமும் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிடக் கூடாது.

அந்தப் பற்று வரியையும் அதற்குக் கீழே எழுதிய தள்ளுபடி வரியையும் ஐயா ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியோடு நகல் எடுத்து வைத்திருந்தார். நீல மை மங்கி ஊதாவாகியிருக்கிறது. மூன்றாவது வரிக்கு இடம் விட்டிருக்கிறார். நான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும்போதெல்லாம், மரச்சாமானுக்கும் பீங்கானுக்கும் நடுவே சிவப்புத் துணி அட்டை போட்ட பழைய பேரேடு ஏதாவது கிடந்தால் எடுத்து விரோதிகிருது, மார்கழி என்று தேடுவேன். இதுவரை அகப்படவில்லை.

பையனுடைய தீர்ப்பை அக்விட் என்றுதான் மொழிபெயர்த்தேன், சந்தேகத்தின் பலனையும் விடாமல் போட்டேன். நீதிபதி எழுதாததை நான் எழுதினால் அதுவும் ஒரு இனாம்தான், அடுத்த கோர்ட்டில் நிற்காது. வாங்க வந்தபோது அவனிடம் கேட்டேன்: திருப்பூரில் இருந்தேன் என்றாயே தம்பி, கம்பெனியில் வருகைப் பதிவேடு இருக்குமே, அதை இந்த வழக்கில் யாராவது காட்டினார்களா? இல்லை, சாட்சிகள்தான் பிறழ்ந்துவிட்டார்களே, வேறெதுவும் வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள் என்றான். மதுரையில் ரிட் போடும்போது வக்கீலிடம் அதைச் சொல், முதலில் கம்பெனியில் கேள் என்று அனுப்பினேன்.

நேற்று போன் பண்ணினான். "பழைய ரெஜிஸ்டரெல்லாம் மாடியில மூட்டையாக் கட்டி வச்சிருக்காங்களாம்க்கா. எந்தத் தேதின்னு கேட்டாங்க. சொல்லியிருக்கேன்."